ரூட் கனால் செய்யேக்க நோகுமா, எத்தினை தரம் போகோணும்?

வாற கிழமை ரூட் கனால், சரியான பயமா இருக்கு, நோகுமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். ரூட் கனால் எண்டா பல்லு வேருக்குள்ள பழுதான நரம்பைச் சுரண்டி எடுத்து, கழுவி, அடைக்கிறது. எனக்கு போன வருஷம் கொழும்பு வெள்ளவத்தையில கீழ்க் கடவாய்ப்பல்லுக்கு செய்தது.

உண்மையான நோ செய்ய முதல்தான். ரெண்டு இரவு நித்திரை இல்லை, பெனடோலுக்கும் கேக்கேல்ல, படுத்தா இன்னும் கூடும், சுடச்சுட தேத்தண்ணி பட்டா காது மட்டும் இழுக்கும், ஐஸ் தண்ணியை வாயில வச்சிருந்தாத்தான் கொஞ்சம் அடங்கும். அதோட பாக்கேக்க ஊசிக் குத்து ஒண்டுமே இல்லை. குத்தினாப் பிறகு, கீழ்ப்பல்லெண்டா சொண்டும் நாக்கும் ஒரு பக்கம் விறைச்சுப் போகும். பல்லு நல்லா பழுத்திருந்தா முதல் ஊசி சில நேரம் சரியா பிடிக்காது, அப்ப பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்காதைங்கோ, கையை உயத்துங்கோ, இன்னும் போடுவினம்.

பிறகு பல்லைச் சுத்தி ஒரு ரப்பர் சீட் மாட்டுவினம், மருந்தும் துகளும் தொண்டைக்குள்ள போகாம. முன்பல்லுக்கு வேருக்குள்ள பெரும்பாலும் ஒரு கால்வாய்தான், நரம்பு போற குழாய், கடவாய்க்கு மூண்டு நாலு இருக்கும், அதாலதான் நேரம் எடுக்குது. ஊசி மாதிரி மெல்லிய ஃபைல்கள், பிடியில வெள்ளை மஞ்சள் சிவப்பு நீலம் எண்டு சைஸுக்கு ஒரு நிறம், ஒண்டொண்டா உள்ள விட்டு சுரண்டி எடுக்கேக்க சொண்டில கொழுவின வயரோட ஒரு சின்ன மெஷின் பீப் பீப் எண்டும், வேர் நுனி கிட்ட வர வர சத்தம் கெதியாகும். கழுவுற மருந்து கிணத்துக்கு குளோரின் போட்ட மணம். வாயைத் திறந்தபடி இருந்து தாடை உளைஞ்சதுதான் எனக்கு கஷ்டம்.

எனக்கு ரெண்டு தரத்தில முடிஞ்சுது, சிலருக்கு ஒரே நாளில, சீழ் இருந்தா கூடவும் ஆகும். பிறகு ரெண்டு மூண்டு நாள் கடிக்க நோகும், அது வழமை. கன்னம் வீங்கினா, காய்ச்சல் வந்தா உடன போங்கோ.

இதை மட்டும் கட்டாயம் கேளுங்கோ: நோ நிண்டிட்டுது எண்டு பாதியில விட்டிடாதைங்கோ, தற்காலிக அடைப்பு கன நாள் தாங்காது. முழுக்க முடிஞ்சாலும் கடவாய்க்கு கிரவுன், அதாவது பல்லை மூடி மாட்டுற உறை, போடோணும், நடுவால குடைஞ்சு எடுத்த பல்லு, மிச்சம் சுவர்தான். எங்கட அம்மா காசு போகுதெண்டு கிரவுன் போடாம விட்டவ, ஒரு நாள் முறுக்கு கடிக்கேக்க பல்லு நேர வேர் மட்டும் பிளந்திட்டுது, கழட்டுறதைத் தவிர வழியே இல்லை, செய்த செலவும் போச்சு, இண்டைக்கும் அந்தப் பக்கத்தால சாப்பிட மாட்டா, எனக்கு அது பெரிய கவலை. அதால கிரவுனுக்கு எவ்வளவு எண்டு முதல் நாளே கேட்டு வையுங்கோ, பிரைவேட்டில காசு கட்டேலாட்டி கொழும்பு வோர்ட் பிளேஸ்ல அரசாங்க பல் ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போய் விசாரியுங்கோ.

அண்டைக்கு சாப்பிட்டிட்டே போங்கோ, விறைப்பு விட ரெண்டு மூண்டு மணித்தியாலம் ஆகும், அதுக்குள்ள சாப்பிட்டா சொண்டைக் கடிச்சுப்போடுவீங்கள். ரத்தம் உறையாம இருக்க குளிசை எடுக்கிறீங்களெண்டா நீங்களா நிப்பாட்டாம டொக்டரிட்ட முதலே சொல்லுங்கோ.