மலை இறக்கம், பிரேக் சூடு, உராய்வு: கேட்டவங்களுக்கு பதில்

பிளஸ் ஒன் பிசிக்ஸ் எடுக்கிறேன். விசை, ஆற்றல் பத்தி என்ன வேணா கேளுங்க.

டீச்சர், கன்சர்வேட்டிவ் விசைக்கும் நான்-கன்சர்வேட்டிவ் விசைக்கும் என்ன வித்தியாசம்?

ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்க குன்னூர் வழியும் இருக்கு, கோத்தகிரி வழியும் இருக்கு. எதுல வந்தாலும் உயர வித்தியாசம் சுமார் 1900 மீட்டர்தான், நடுவுல எத்தனை ஏத்தம் வந்தாலும் ஈர்ப்பு விசை செஞ்ச வேலை மொத்தத்துல ஒண்ணுதான், திரும்ப ஊட்டிக்கே ஏறிட்டா கூட்டுத்தொகை பூஜ்யம். இதுதான் ஆற்றல் மாற்றா விசை, நீங்க கேட்ட கன்சர்வேட்டிவ், அதனாலதான் அதுக்கு நிலை ஆற்றல்னு ஒண்ணு எழுத முடியுது. உராய்வு நான்-கன்சர்வேட்டிவ், அதுக்கு அப்படி எழுத முடியாது. களத்துல 50 கிலோ நெல்லு மூட்டைய 10 மீட்டர் இழுங்க, உராய்வுக் குணகம் (எடையில எத்தனை பங்கு உராய்வா எதிர்க்கும்ங்கிற எண்) 0.4னா விசை 50 × 9.8 × 0.4, அதாவது 196 நியூட்டன், செலவு 1960 ஜூல். திரும்ப அதே இடத்துக்கு இழுத்துட்டு வந்தா இன்னொரு 1960. மூட்டை கிளம்பின இடத்துலயே கிடக்கு, 3920 ஜூல் கைவிட்டுப் போயிடுச்சு.

கிளம்பின இடத்துக்கே வந்தா இடப்பெயர்ச்சி பூஜ்யம், அப்ப வேலையும் பூஜ்யம்தானே?

விசை கடைசி வரைக்கும் ஒரே திசையில இருந்தாதான் அந்தக் கணக்கு. நீங்க திரும்பினா உராய்வும் திரும்பிடும். துண்டு துண்டா கூட்டுங்க. வருஷா வருஷம் பரிட்சையில மார்க் போறது இங்கதான்.

ஆற்றல் அழியாதுன்னு சொல்றாங்க, உராய்வுல இழப்புன்னும் சொல்றாங்க. எது சரி?

ரெண்டும் சரி. வேகமாவும் உயரமாவும் இருந்த ஆற்றல் வெப்பமாச்சு, நம்ம கணக்குல இருந்துதான் போச்சு. 1790கள்ல ரம்ஃபோர்டுன்னு ஒரு விஞ்ஞானி ஜெர்மனியில இருக்கிற மியூனிக்ல பீரங்கி குடையறப்ப வர்ற சூட்டைப் பாத்து, மழுங்கின கருவிய வெச்சு குதிரைய சுத்தவிட்டார், பீரங்கிய தண்ணிக்குள்ள வெச்சு. ரெண்டரை மணி நேரத்துல தண்ணி கொதிச்சுடுச்சு, நெருப்பே இல்லாம! சொல்றப்பல்லாம் எனக்கு சிலிர்க்கும்.

ஊட்டி இறங்குறப்ப பிரேக்ல கருகின வாடை வருது மேடம், அவ்வளவு சூடாகுமா?

ஆகும். ஆளோட சேத்து 1500 கிலோ கார்னு வைங்க. 1500 × 9.8 × 1900, கிட்டத்தட்ட 280 லட்சம் ஜூல். கரண்ட் கணக்குல 8 யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி, 30 டிகிரியில இருக்கிற 95 லிட்டர் தண்ணியக் கொதிக்க வைக்கலாம். கொஞ்சம் காத்து எதிர்ப்புல போகும், கொஞ்சம் டயர்ல போகும், மீதியெல்லாம் நாலு சக்கரத்துல இருக்கிற சின்ன இரும்புலயும் இன்ஜின்லயும்தான் இறங்கணும். கியர்ல இறங்கினா இன்ஜின் ஒரு பங்க வாங்கிக்கும், நியூட்ரல்ல போட்டா பிரேக் மட்டும்தான் சுமக்கணும். தயவுசெஞ்சு நியூட்ரல்ல இறங்காதீங்க.

குன்னூர் வழியும் 280 லட்சம், கோத்தகிரி வழியும் 280 லட்சம்னா உராய்வும் பாதைய சார்ந்து இல்லன்னுதானே ஆகுது?

அருமையான கேள்வி, இன்னைக்கு இதுக்காகவே உக்காந்தது வீண் போகல. மேலயும் நின்ன வண்டி, கீழயும் நின்ன வண்டி, நடுவுல ஆக்சிலேட்டர் மிதிக்கலன்னா மட்டும்தான் அந்த சமம் வரும், அதையும் ஓட்டுறவர்தான் பிரேக்க கூட்டிக் குறைச்சு கொண்டு வர்றார். கோத்தகிரி வழியில ஏத்தத்துக்கு இன்ஜின் தள்ளினா அதுவும் சேந்து வெப்பமாகும். ஈர்ப்பு விசை அப்படியில்ல, யார் ஓட்டினாலும் அதே வேலைதான். கிளம்பின இடத்துக்கே ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பாருங்க, ஈர்ப்போட வேலை பூஜ்யம், உராய்வோடது பூஜ்யமாகாது, அப்ப தெரிஞ்சுடும்.

20 வருஷமா வண்டி ஓட்டுறேன் டீச்சர், நியூட்ரல்ல விட்டாதான் டீசல் மிச்சம். புத்தகத்த பாத்து சொல்லாதீங்க.

அண்ணே, உங்க அனுபவத்த மதிக்கிறேன். ஆனா இப்ப வர்ற கம்ப்யூட்டர் இன்ஜெக்‌ஷன் வண்டியில, கியர்ல போட்டு கால எடுத்துட்டா எரிபொருளே நின்னுடும், சக்கரம்தான் இன்ஜின சுத்துது. நியூட்ரல்லதான் ஐட்லிங்குக்கு டீசல் குடிக்கும்.

பழைய வண்டிக்கு?

பழைய வண்டியில மிச்சமாகலாம். அந்த சொற்ப டீசலுக்கு எதைப் பணயம் வைக்கிறீங்கன்னு பாருங்கண்ணே. பெடல் மிதிக்கிற அழுத்தத்த சக்கரத்துக்குக் கொண்டு போறது பிரேக் ஆயில். அதுல டாட் 3ங்கிற ரகம் புதுசா இருக்கிறப்ப 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிட்டா 140லயே கொதிக்கலாம். கொதிச்சா குழாயில ஆவி, மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும், அடுத்த வளைவுல பள்ளம்.

உராய்வுல ஆற்றல் அழியுதா டீச்சர்?

மேல ரம்ஃபோர்டு பதில படிங்க.

காந்த விசை எந்த வகை?

நகர்ற மின்னூட்டத்துமேல அது வேலையே செய்யாது. தனிப் பாடம், தனியா கேளுங்க.

உராய்வுல எனர்ஜி எங்க போகுது?

மூணாவது தடவை. வெப்பமா போகுது. மேல இருக்கு.

எலக்ட்ரிக் வண்டியில அந்த ஆற்றல் திரும்பக் கிடைக்குமா?

ஒரு பங்கு பேட்டரிக்குப் போகும், முழுசா கிடைக்காது. மேலேயே 100 சதவீதம் சார்ஜ் பண்ணிட்டு இறங்கினா வாங்கிக்க இடமிருக்காது, பிரேக்தான் சுமக்கும்.

சரி டீச்சர், கியர்லயே இறங்குறேன். நடுவுல பிரேக் டிரம் சூடானா தண்ணி ஊத்தலாமா?

வேண்டாம்ணே, திடீர்னு குளிர்ந்தா இரும்பு விரிசல் விடும். ஓரமா நிறுத்தி, சக்கரத்துக்கு கல்லு வெச்சு, கை பிரேக் போடாம தானா ஆற விடுங்க. அரை மணி நேரம் ஆனாலும் பரவால்ல.