மைக்ரோசாஃப்ட் 365-இல் பயனர்களின் எந்தெந்தச் செயல்களுக்கு எச்சரிக்கை வைக்க வேண்டும்?

ஐம்பது, அறுபது பேர் உள்ள அலுவலகத்தை நீங்கள் தனியாளாகக் கவனித்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எதற்கெல்லாம் எச்சரிக்கை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எச்சரிக்கை யாருடைய அஞ்சல் பெட்டிக்குப் போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

நான் முன்பு பணியாற்றிய ஏற்றுமதி நிறுவனத்தில், கணக்குப் பிரிவுப் பெண் ஒருவரின் கடவுச்சொல் போலி உள்நுழைவுப் பக்கத்தின் வழியாகத் திருடு போனது. திருடியவர் அவருடைய பெட்டியில், வரும் அஞ்சலைத் தானாகக் கையாளும் இரண்டு விதிகளை அமைத்தார். ஒன்று, 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள அஞ்சல்களை வெளி முகவரிக்கு அனுப்பியது. மற்றொன்று, வாடிக்கையாளரின் பதில்களைப் படித்ததாகக் குறித்து, யாரும் திறந்து பார்க்காத ஆர்எஸ்எஸ் கோப்புறைக்குத் தள்ளியது. இரண்டாவது விதியின் பெயர் வெறும் ஒரு புள்ளி. வெளி முகவரிக்குத் தானாக அனுப்புவதை மைக்ரோசாஃப்ட் இயல்பாகத் தடுத்தே வைத்திருக்கிறது. மேலாளர் ஒருவரின் வசதிக்காக அதை எல்லோருக்கும் திறந்துவிட்டவன் நான்.

அஞ்சலை வேறு முகவரிக்கு அனுப்பும் ஃபார்வர்டு விதி உருவானதும் எழ வேண்டிய எச்சரிக்கை அன்றே எழுந்தது. ஆனால் அது, உரிமம் வாங்கிய நாளில் உருவாக்கி, பிறகு ஒருவரும் திறக்காத அட்மின் கணக்கின் பெட்டியில் கிடந்தது. 11 நாள் கழித்து, திருடியவர் மாற்றிக் கொடுத்த வங்கிக் கணக்குக்கு வாடிக்கையாளர் பணம் அனுப்பிய பிறகே அதைப் பார்த்தேன். பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தும், விசாரணை அறிக்கையில் அந்தப் பெண்ணின் பெயரையே போட்டார்கள்; அந்த அநியாயம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே, இருவராவது தினமும் படிக்கும் முகவரிக்கு எச்சரிக்கைகளைத் திருப்புங்கள். ஃபார்வர்டு விதி, அட்மின் அதிகாரம் வழங்குதல், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு முறையை மாற்றுதல், வெளிச் செயலிக்கு அனுமதி அளித்தல் ஆகியவை போதும். கோப்பு திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை வைத்தால் ஒரே வாரத்தில் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். இது ஊழியர்களை வேவு பார்ப்பது என்று சிலர் சொல்லக்கூடும்; அஞ்சலின் உள்ளடக்கத்தை இங்கே யாரும் படிப்பதில்லை, ஆயினும் எதைக் கண்காணிக்கிறீர்கள் என்பதை ஊழியர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அஞ்சலைக் கோப்புறைக்கு நகர்த்த மட்டும் செய்யும் விதி அந்த ஃபார்வர்டு எச்சரிக்கையில் சிக்காது. அதை, யார் எப்போது என்ன செய்தார் என்று குறித்துவைக்கும் தணிக்கைப் பதிவில்தான் தேட வேண்டும். அந்தப் பதிவு 2023 அக்டோபர் முதல், சாதாரண உரிமத்திலும் 90 நாளுக்குப் பதில் 180 நாள் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றினாலும் விதி அழியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்று உங்கள் பெட்டியிலேயே ஒரு ஃபார்வர்டு விதியை எழுதி, எச்சரிக்கை எத்தனை நேரத்தில், யார் கைக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு அதை நீக்குங்கள்.