‘மோசேயைப் போல ஒரு தீர்க்கதரிசி’ என்று உபாகமம் 18:18 சொல்வது யாரை? மூன்று மதத்தாரும் ஒரே வசனத்தைக் காட்டுவது எப்படி?

கேட்டவரின் குழப்பம் இதுதான்: இந்த வசனம் முஹம்மது நபியைச் சொல்கிறது என்று முஸ்லிம்கள் வாதிடுகிறார்கள், இயேசுவைச் சொல்கிறது என்று கிறிஸ்தவர்கள் வாதிடுகிறார்கள், யூதர்கள் இரண்டையும் ஏற்பதில்லை. யார் சொல்வது சரி?

முதலில் வசனத்தைப் பார்த்துவிடலாம். உபாகமம் பைபிளின் ஐந்தாம் புத்தகம். அதில் 18-ஆம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துப் படிப்பதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது. அதே அதிகாரத்தில் 9-இலிருந்து 22 வரை ஒரே மூச்சில் படியுங்கள். கானானுக்குள் போன பிறகு குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சன்னதக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் யாரிடமும் போகக்கூடாது என்று நீளமாக ஒரு தடை வருகிறது. அப்படியானால் கடவுளின் சித்தத்தை யாரிடம் கேட்பது? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மோசே பேசும் 15-ஆம் வசனம் வருகிறது: ‘உன் நடுவே உன் சகோதரரிலிருந்து’ என்னைப்போல ஒரு தீர்க்கதரிசி எழும்புவார். 18-இல் அதையே கடவுள் தம் வாயால் சொல்கிறார். 20 முதல் 22 வரை போலியைக் கண்டுபிடிக்கும் சோதனை.

இந்த ஓட்டத்தில் படித்தால் யூதர்களின் வாசிப்பு எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். ‘ஒரு தீர்க்கதரிசி’ என்று ஒருமையில் இருந்தாலும், தலைமுறைதோறும் ஒருவர் என்று அவர்கள் கொள்கிறார்கள். இடைக்கால யூத உரையாசிரியர் ரஷி எழுதிய விளக்கவுரை இதை ஒரே வரியில் முடிக்கிறது: நான் உங்கள் நடுவிலிருந்து வந்தது போல எனக்குப் பதிலாக இன்னொருவர், அப்படியே ஒருவருக்குப் பின் ஒருவர். இன்னொரு உரையாசிரியரான இப்னு எஸ்ரா நேராக மோசேக்குப் பின் தலைவரான யோசுவாவைக் காட்டுகிறார். முந்தின அதிகாரமும் இதற்குக் கைகொடுக்கிறது. உபாகமம் 17:15-இல் ‘ராஜா’ என்பதும் ஒருமைதான். அதை ஒரே ஒரு ராஜாவைப் பற்றிய முன்னறிவிப்பு என்று யாரும் படிப்பதில்லை.

அதற்காகக் கிறிஸ்தவர்கள் இந்த வசனத்தைத் திடீரென்று பிடித்துக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அப்போஸ்தலர் 3:22-இல் பேதுருவும் 7:37-இல் ஸ்தேவானும் இதை எடுத்துப் பேசுவதற்கு முன்பே, வரப்போகும் ஒருவரைப் பற்றிய எதிர்பார்ப்பு யூதர்களிடம் இருந்தது. சாக்கடல் அருகே கிடைத்த பழைய யூதச் சுருள்களான கும்ரான் குகைச் சுருள்களில் 4கியூ175 என்று எண்ணிடப்பட்ட ஒற்றைத் தாள் உண்டு. அதில் இந்த உபாகம வசனம், இஸ்ரவேலர் அல்லாத பிலேயாம் சொன்ன நட்சத்திர வசனம், லேவிக்குச் சொன்ன ஆசீர்வாதம் எல்லாம் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன. சமாரியர்களோ தங்கள் தோராவில் (மோசேயின் ஐந்து புத்தகங்களில்) யாத்திராகமம் 20-இன் நடுவிலேயே இந்த வசனத்தைச் செருகி வைத்திருக்கிறார்கள். ஆக, ‘தலைமுறைக்கு ஒருவர்’ என்ற வாசிப்பும் ‘இனி வரப்போகும் ஒருவர்’ என்ற வாசிப்பும் யூத மண்ணிலேயே அருகருகே இருந்தவை.

கிறிஸ்தவத் தரப்புக்கு இடறும் இடம் யோவான் 1:21. எருசலேமிலிருந்து வந்தவர்கள் யோவான் ஸ்நானகனிடம் நீர் கிறிஸ்துவா, எலியாவா, ‘தீர்க்கதரிசியானவரா’ என்று மூன்றாகக் கேட்கிறார்கள். மேசியா வேறு, அந்தத் தீர்க்கதரிசி வேறு என்றுதான் கேட்டவர்கள் நினைத்திருக்கிறார்கள். கும்ரான் சமூக விதிச் சுருளும் தீர்க்கதரிசி ஒருவர், ஆரோன் வழி மேசியா, இஸ்ரவேல் வழி மேசியா என்று பிரித்துத்தான் சொல்கிறது. இரண்டு பொறுப்பும் ஒருவரிடமே சேர்ந்தன என்பது கிறிஸ்தவப் பதில். அது விசுவாசத்தின் பதில்; அந்த வசனம் மட்டும் அதைத் தந்துவிடாது. ‘அப்படியானால் மூன்றாமவர் இன்னும் வரவில்லை, அவர்தான் நபி’ என்று முஸ்லிம் தரப்பு இங்கே நுழையும். ஆனால் கேட்டவர்கள் எதிர்பார்த்தது இஸ்ரவேலுக்குள் ஒருவரை என்பதை அப்போது மறந்துவிடக் கூடாது.

முஸ்லிம் தரப்பின் வாதம் முழுவதும் ‘சகோதரர்’ என்ற சொல்லின் மேல் நிற்கிறது. இஸ்மாயீலும் இஸ்ஹாக்கும் உடன்பிறந்தவர்கள். ஆகவே இஸ்ரவேலரின் சகோதரர் என்றால் இஸ்மாயீல் வம்சம். இது வெறும் கற்பனை அல்ல. ஆதியாகமம் 25:18 இஸ்மவேலைத் (இஸ்மாயீலை) தன் சகோதரரோடு வைத்துப் பேசுகிறது. உபாகமம் 2:4 ஏசாவின் புத்திரரை ‘உங்கள் சகோதரர்’ என்றே அழைக்கிறது. ஆனால் இரண்டாவது எடுத்துக்காட்டை உற்றுப் பாருங்கள். வேறு இனத்தைச் சகோதரர் என்று சொல்லும்போது உபாகமம் யாரென்று பெயரிட்டுச் சொல்கிறது. பெயரில்லாமல் ‘சகோதரர்’ என்று வரும்போது, அதே 18-ஆம் அதிகாரத்தின் 2-ஆம் வசனத்தில் லேவியர்களைப் பற்றிச் சொல்வது போல, பிற இஸ்ரவேல் கோத்திரங்கள்தான் பொருள். 17:15 இன்னும் கறார்: ராஜா உன் சகோதரரில் ஒருவனாக இருக்க வேண்டும், சகோதரன் அல்லாத அந்நியன் கூடாது. இஸ்மாயீல் வம்சத்தார் ஒருவர் இஸ்ரவேலுக்கு ராஜாவாகலாமா என்று கேட்டால் அந்த வாதம் திணறும்.

இங்கே முஸ்லிம் தரப்பில் பலரும் பயன்படுத்தாத ஒரு நல்ல சீட்டு இருக்கிறது. 15-ஆம் வசனத்தின் ‘உன் நடுவே’ என்ற சொற்கள் எபிரெய மூலத்தில் உண்டு. செப்துவஜிந்த் என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இல்லை. அப்போஸ்தலர் 3:22-இலும் இல்லை. எதிராளி ‘உன் நடுவே என்று இருக்கிறதே’ என்று அழுத்தும்போது இதைக் கேட்கலாம். வாதம் இதனால் வென்றுவிடாது, ‘சகோதரர்’ என்ற சொல் அப்படியே நிற்கிறது; ஆனால் எதிராளியின் ஒரு கால் தளரும்.

அடுத்தது உபாகமம் 34:10: மோசேயைப் போல் ஒரு தீர்க்கதரிசி ‘இஸ்ரவேலில்’ பின்பு எழும்பவில்லை. இஸ்ரவேலில் இல்லை என்றால் வெளியே உண்டு என்று முஸ்லிம் தரப்பு எடுத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், ‘இஸ்ரவேலில் எழும்பவில்லை, மற்ற இனங்களில் எழும்பினார்’ என்று யூதர்களின் பழைய உரையான சிஃப்ரேயும் சொல்கிறது. ஆனால் அது காட்டும் ஆள் பிலேயாம்! இஸ்ரவேலுக்கு வெளியே தீர்க்கதரிசிகள் உண்டு என்பதில் யூத மரபுக்குப் பெரிய சங்கடம் இல்லை. சங்கடம் வேறு இடத்தில், பின்னால் வருகிறேன்.

‘யார் மோசேயைப் போல?’ என்ற ஒப்புமைப் பட்டியல் வாதமேடைகளில் அதிகம் ஓடும் சரக்கு. ஒருவர் சொல்வார்: மோசேயும் முஹம்மது நபியும் தாய் தந்தைக்குப் பிறந்தார்கள், மணம் செய்தார்கள், சட்டம் கொண்டுவந்தார்கள், மக்களை ஆண்டார்கள், இயற்கையாக இறந்தார்கள். மற்றவர் சொல்வார்: மோசேயும் இயேசுவும் இஸ்ரவேலர், குழந்தையிலேயே ஒரு மன்னனின் கொலைக் கட்டளைக்குத் தப்பினார்கள், அற்புதம் செய்தார்கள், உடன்படிக்கைக்கு நடுவராக நின்றார்கள். இரண்டு பட்டியலும் விடையை முதலில் வைத்துக்கொண்டு எழுதியவை. எந்த ஒப்புமை முக்கியம் என்பதற்கு அளவுகோலை உபாகமமே தருகிறது: சகோதரரிலிருந்து வருதல், வாயில் வார்த்தை வைக்கப்படுதல், சொன்னது நடத்தல். 34:10-ஐச் சேர்த்தால் ‘முகமுகமாய்’ அறிதல். திருமணம் அங்கே எங்கும் இல்லை.

இந்தச் சண்டை இணையம் வந்து தொடங்கியதல்ல. கி.பி. 780-களின் தொடக்கத்தில் பாக்தாத் அரண்மனையில் கலீஃபா அல்-மஹ்தியும் கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயுவும் இரண்டு நாள் உட்கார்ந்து இதே வசனத்தையும் யோவான் சுவிசேஷத்தில் இயேசு வருவார் என்று வாக்களித்த ‘தேற்றரவாளனையும்’ (முஸ்லிம் தரப்பு இதையும் முஹம்மது நபி என்று வாசிக்கும்) பேசியிருக்கிறார்கள். முஹம்மதைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று கலீஃபா கேட்டதற்கு, அவர் தீர்க்கதரிசிகளின் பாதையில் நடந்தார் என்றார் திமொத்தேயு. தீர்க்கதரிசி என்று சொல்லவில்லை, அல்ல என்றும் சொல்லவில்லை. அரசன் முன்னால் நிற்கும் குடிமகனின் பதில் அது. வாதத்தில் சமபலம் இருந்ததா என்று பார்க்காமல் பழைய வாதங்களை எடைபோட முடியாது.

தமிழில் வாதிடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ‘தீர்க்கதரிசி’ என்றால் நெடுந்தொலைவு காண்பவர். சொல்லைக் கேட்டதுமே எதிர்காலம் சொல்பவர் என்று மனம் போய்விடும். எபிரெயத்தில் இருப்பது ‘நாவி’. அரபியின் ‘நபி’க்கு உடன்பிறப்பு. அதன் பொருள் யாத்திராகமம் 7:1-இல் பளிச்சென்று தெரியும்: ஆரோன் மோசேக்குத் ‘தீர்க்கதரிசியாய்’ இருப்பான். ஆரோன் மோசேயின் எதிர்காலத்தையா சொன்னார்? 4:16-இல் அதே உறவை ‘அவன் உனக்கு வாயாயிருப்பான்’ என்கிறது. பிறர் சார்பில் பேசும் வாய், அவ்வளவுதான். கத்தோலிக்கர் பயன்படுத்தும் ‘இறைவாக்கினர்’ இதற்குக் கிட்ட வருகிறது. தேற்றரவாளன் விஷயத்திலும் இதே கதை. யோவான் 14:16-இல் ‘தேற்றரவாளன்’ என்றும் 1 யோவான் 2:1-இல் ‘பரிந்து பேசுகிறவர்’ என்றும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்வது ஒரே கிரேக்கச் சொல்லை: பராக்லேதோஸ். இரண்டாவது இடத்தில் அது இயேசுவையே குறிக்கிறது. மூலத்தில் ‘பெரிக்லுதோஸ்’, அதாவது ‘புகழப்பட்டவர்’ என்று இருந்து மாற்றிவிட்டார்கள் என்பதற்கு ஒரு கையெழுத்துப் படி கூட ஆதாரமில்லை. அந்த வாதத்தை விட்டுவிடுவது முஸ்லிம் தரப்புக்கே நல்லது.

எண் கணக்கையும் விட்டுவிடலாம். ஆதியாகமம் 17:20-இல் இஸ்மவேலைப் பற்றி வரும் ‘பிமேஓத் மேஓத்’ (மிகவும் அதிகமாய்) என்ற சொற்களின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 92. ‘முஹம்மத்’ என்பதும் 92, ஆகவே அவரைத்தான் சொல்கிறது என்பது வாதம். கணக்கு சரிதான். ஆனால் குர்ஆன் 61:6 ஈஸா நபியின் (இயேசுவின்) முன்னறிவிப்பில் சொல்லும் பெயர் அஹ்மத், அது 53. யூத அறிஞர் மைமோனிடிஸ் 1172 வாக்கில் ஏமன் யூதர்களுக்கு எழுதிய மடலில் இந்த எண் வாதத்தையும் நம் உபாகம வசனத்தையும் சேர்த்தே மறுத்திருக்கிறார்.

இப்போது யூதர்களின் உண்மையான சங்கடத்துக்கு வருகிறேன். ‘சொன்னது நடக்காவிட்டால் போலி’ என்ற 18:22 எளிதான சோதனை போலத் தெரியும். யோனா நாற்பது நாளில் நினிவே கவிழும் என்றார், கவிழவில்லை. அதனால்தான் மைமோனிடிஸ் தம் சட்டநூலான ‘மிஷ்னே தோரா’வில் பிரித்துச் சொல்கிறார்: தண்டனை அறிவிப்பு நடக்காமல் போகலாம், மனந்திரும்பினால் கடவுள் இரங்குவார், நன்மை அறிவிப்பு நடந்தே ஆக வேண்டும். எரேமியா 28-இல் அனனியா இரண்டு வருடத்தில் ஆலயப் பாத்திரங்கள் திரும்பும் என்று நல்ல செய்தி சொல்லி மாட்டிக்கொண்டது இதனால்தான். இதற்கும் மேலே உபாகமம் 13 நிற்கிறது: அடையாளம் பலித்தாலும் வேறு தேவர்களிடம் இழுத்தால் கேட்காதே. மைமோனிடிஸ் இதையும் நீட்டி, தோராவின் கட்டளையை நிரந்தரமாகக் கூட்டவோ நீக்கவோ வருகிறவர் எத்தனை அற்புதம் செய்தாலும் போலி என்கிறார். எலியா ஆலயத்துக்கு வெளியே கர்மேல் மலையில் பலியிட்டது போல ஒரு தடவைக்கு மட்டும் என்றால் சரி. மோசேயை நம்பியது அற்புதத்தால் அல்ல, சீனாயில் மொத்த ஜனமும் நேரில் கேட்டதால் என்பது அவர் அடித்தளம். ஆகவே ‘சகோதரர்’ சண்டையில் யார் ஜெயித்தாலும் யூதருக்கு ஒன்றும் மாறாது. ஓய்வுநாளும் உணவுச் சட்டமும் மாறுகிறதா என்று கேட்டு அங்கேயே கதவைச் சாத்திவிடுவார். கதவைச் சாத்தாத யூதரும் இருந்தார்: 12-ஆம் நூற்றாண்டு ஏமன் அறிஞர் நத்தானியேல் அல்-ஃபய்யூமி, ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்ற குர்ஆன் 14:4-ஐயே காட்டி, முஹம்மது அரபுகளுக்கு அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி, நமக்குத் தோரா போதும் என்று எழுதினார்.

வாதத்தில் இறங்குகிறீர்கள் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். எதிராளியின் வசனத்தைத் தொடும் முன், 18:22-ஐ உங்கள் பக்கத்திலேயே போட்டுப் பாருங்கள். கிறிஸ்தவர் மாற்கு 13:30-இல் இயேசு சொன்ன ‘இவைகளெல்லாம் சம்பவிக்கும்முன் இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது’ என்பதற்கு விளக்கம் தயார் செய்ய வேண்டும். முஸ்லிம் குர்ஆனின் ரூம் அத்தியாயத்தின் ‘சில ஆண்டுகளில் ரோமர் வெல்வர்’ என்பதை எடுத்தால், கி.பி. 614-இல் எருசலேம் பாரசீகரிடம் விழுந்ததையும், 622-இல் ஹெராக்கிளியஸ் படையெடுப்பைத் தொடங்கியதையும், 627 டிசம்பரில் நினிவே அருகே வென்றதையும், ‘பிள்உ’ என்ற அரபுச் சொல் மூன்று முதல் ஒன்பது வரை என்பதையும் சேர்த்து, எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார் என்று சொல்ல வேண்டும். இன்னொன்று: தவ்ராத் (தோரா) திருத்தப்பட்டது என்று சொல்லிக்கொண்டே அதன் 18:18-ஐ மட்டும் அப்படியே ஆதாரமாக வைப்பவர், எந்தப் பகுதி திருத்தப்படாதது, அதை எப்படி அறிந்தார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நபியைப் பற்றித் தவ்ராத்தில் எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லும் குர்ஆன் 7:157 அப்படித் தேடச் சொல்லும் காரணத்தைத் தருகிறது; தேடும் முறையைத் தரவில்லை.