பின்புலப் படத்தை மாற்ற முடியாத வீட்டுக் கணினி

வணக்கம். நீங்களே நிர்வாகியாக இருந்தும், விண்டோஸ் 10-இல் பின்புலப் படத்தை மாற்றும் பகுதி மங்கலாகி, சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற சிவப்பு வரி தெரிவதாக எழுதியிருந்தீர்கள். பிறர் பயன்படுத்திய கணினி என்பதால், முதலில் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குச் சென்று, பழைய உரிமையாளரின் அலுவலகக் கணக்கு இன்னும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விற்றவரிடம் சொல்லி அதை நீக்குவதே முறை.

அப்படி எதுவும் இல்லையெனில், விண்டோஸ் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் (கணினிக்கான கட்டுப்பாடுகளை அமைக்கும் கருவி) இருக்காது என்பதால் அதைத் தேடி அலையாமல், விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்த உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, கரண்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசிஸ் என்று வரிசையாக இறங்கி, ஆக்டிவ்டெஸ்க்டாப் என்பதைச் சொடுக்குங்கள். வலப்பக்கத்தில் நோசேஞ்சிங்வால்பேப்பர் என்பதன் மதிப்பு 1 என்றிருந்தால் அதுவே பூட்டு. 0 என மாற்றிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். தொடுவதற்கு முன் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து நகல் வைத்துக்கொள்ள மறவாதீர்கள்.