ஆமிஷ் படங்கள்: கேட்டதும் சொன்னதும்

போன வாரம் ஆமிஷ் மக்களை வைத்து வந்த படங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன். கேள்விகள் குவிந்துவிட்டன. படம் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்காவில் பென்சில்வேனியா, ஒஹாயோ, இந்தியானா பக்கம் குதிரை வண்டியில் போகிற, வீட்டுக்குக் கரண்ட் கம்பி இழுக்காத, எந்தச் சண்டைக்கும் கை ஓங்காத கிறிஸ்தவர்கள் இவர்கள். 1693ல் யாக்கோப் அம்மான் என்பவர் பின்னால் தனியாகப் பிரிந்தவர்கள். இன்னொன்று, மெனோனைட் வேறு, ஆமிஷ் வேறு. இரண்டும் ஒரே வேரில் வந்த உறவுக்காரர்கள், ஆனால் ஒரே வீடு இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபப்படக் கூடாது.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம் அண்ணா?

விட்னஸ், 1985. பீட்டர் வியர் இயக்கியது. ஆமிஷ் சிறுவன் சாமுவேல் பிலடெல்பியா ரயில் நிலையக் கழிவறையில் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறான். கொன்றவர்கள் போலீஸ்காரர்கள். துப்பறியும் ஜான் புக் (ஹாரிசன் ஃபோர்டு) குண்டடி பட்டு, பையனையும் அவன் அம்மா ரேச்சலையும் கூட்டிக்கொண்டு லாங்காஸ்டர் மாவட்டத்துப் பண்ணையில் போய் ஒளிகிறார். மற்ற படங்களெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

அதில் இரண்டு உலகங்களும் மோதுவதை எப்படிக் காட்டியிருக்கிறார்கள்?

முதல் காட்சியைப் பாருங்கள். காற்றில் ஆடும் பயிருக்குள்ளிருந்து கறுப்பு உடுப்புக்காரர்கள் எழுந்து வருகிறார்கள், நாம் ஏதோ நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று உட்காரும்போது திரையில் '1984' என்று எழுத்து வருகிறது. அவ்வளவுதான், மோதல் தொடங்கியாயிற்று. பழங்காலம் என்று நினைத்தது நம் தப்பு, அவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள் என்கிறது படம். அப்புறம் துப்பாக்கி. பையன் அதைத் தொட்டுப் பார்க்கிறான், தாத்தா ஈலாய் மடியில் உட்கார வைத்துப் பேசுகிறார், ரேச்சல் தோட்டாக்களை மாவுக்குள் ஒளித்து வைக்கிறாள். சமையலறையில் மாவுக்குள் தோட்டா! பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் இது வராது.

ஆனால் எனக்கு முக்கியமானது ஐஸ்கிரீம் காட்சி. ஊர்ப் பையன்கள் சிலர் டேனியல் என்ற ஆமிஷ் இளைஞன் முகத்தில் ஐஸ்கிரீமைத் தேய்க்கிறார்கள், அவன் சும்மா நிற்கிறான். இது நம் வழி இல்லை என்கிறார் ஈலாய். என் வழி இதுதான் என்று ஜான் புக் இறங்கி மூக்கை உடைக்கிறார். தியேட்டரில் கைதட்டல் கேட்கும் இடம். கைதட்டிய அந்த அடிதான் உள்ளூர்ப் போலீஸுக்குத் தகவலாகப் போய், கொலைகாரர்களைப் பண்ணைக்கே கூட்டிவருகிறது. நம்மைக் கைதட்ட வைத்துவிட்டு அதற்கான பில்லையும் பின்னாலேயே அனுப்புகிறார் வியர். ஊரே கூடிக் களஞ்சியம் கட்டும் காட்சி அழகுதான், அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். வழிபாட்டில் எந்த வாத்தியமும் வைத்துக்கொள்ளாத மக்களுக்கு மொரிஸ் ஜார் சின்தசைசரில் இசை போட்டிருக்கிறார் என்பது மட்டும் எனக்கு இன்னும் சிரிப்பு.

விமன் டாக்கிங் (2022) பார்த்தேன், ஆமிஷ் பெண்களின் நிலைமை இவ்வளவு மோசமா?

ஆமிஷ் இல்லை. பொலிவியாவில் இருக்கும் ஒரு மெனோனைட் குடியிருப்பில் நடந்த கொடுமையிலிருந்து பிறந்த கதை அது. படத்தை மதிக்கிறேன், கேள்வி தப்பான வாசலில் வந்து நிற்கிறது.

ஆமிஷ் மக்கள் விட்னஸை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

எதிர்த்தார்கள். படம் பார்க்கிற பழக்கமே இல்லாதவர்கள், போட்டோவுக்கு முகம் காட்டுவதே சிலை வணக்கத்துக்குப் பக்கத்தில் போவது என்று நினைப்பவர்கள். ஆமிஷ் குடும்பத்தில் பிறந்து அவர்களைப் பற்றியே ஆய்வு செய்த ஜான் ஹாஸ்டெட்லர் வெளிப்படையாகக் கண்டித்தார். இனிமேல் ஆமிஷ் மக்களைச் சினிமாவுக்கான சரக்காக விளம்பரம் செய்ய மாட்டோம் என்று மாநிலத் தரப்பில் ஒப்புக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. ஆக, வன்முறையை மறுக்கும் மக்களைப் பற்றி இவ்வளவு நல்ல படம், அவர்கள் சொன்ன 'வேண்டாம்' என்பதை மீறி எடுக்கப்பட்டது. இதை நான் ரசித்துக்கொண்டேதான் சொல்கிறேன், குற்ற உணர்ச்சியும் உண்டு.

பதினாறு வயதில் ஆட்டம் போட்டுவிட்டு வா என்று பெற்றோரே ஊருக்கு அனுப்புவார்களாமே?

யாரும் அனுப்புவதில்லை. ரும்ஸ்பிரிங்கா என்பது ஞானஸ்நானம் எடுக்கும் முன் இருக்கிற வயது, அவ்வளவே. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, வளர்ந்தவர் தானாக முடிவெடுக்க வேண்டும் என்பதால் வரும் இடைவெளி. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே இருந்து, ஞாயிறு சாயங்காலம் கூடிப் பாடிவிட்டுத் திரும்புகிறார்கள். டெவில்ஸ் பிளேகிரவுண்ட் (2002) ஆவணப்படம் இந்தியானாவில் போதை வரைக்கும் போன பிள்ளைகளைக் காட்டியது. பொய் இல்லை, ஆனால் ஓரத்தில் நின்று எடுத்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி வருகிறது. இது இன்று ஐந்தாவது முறை.

விட்னஸ் கிளைமாக்ஸை அகிம்சையின் வெற்றி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மூன்று வில்லன்களில் இரண்டு பேர் செத்த பிறகுதானே மணி அடிக்கிறது? இது ஏமாற்று இல்லையா?

ஆகா, இதற்குத்தான் காத்திருந்தேன். கணக்கு சரி. ஒருவன் தானியக் கிடங்கில் கொட்டும் சோளத்துக்கு அடியில் மூச்சடைத்துச் சாகிறான், இன்னொருவனை ஜான் புக் சுடுகிறார். மூன்றாமவன் ரேச்சலைப் பிடித்துக்கொண்டதும் புக் துப்பாக்கியைக் கீழே போட்டுவிடுகிறார். கவனியுங்கள், அந்த இடத்தில் அவர் வழி தீர்ந்துவிட்டது. சாமுவேலை ஓடிப்போ என்றுதான் அவர் அனுப்பினார், பையன் திரும்பி வந்து மணியை இழுக்கிறான். அக்கம்பக்கத்தார் வயலிலிருந்து ஓடிவந்து ஒன்றும் செய்யாமல் நின்று பார்க்கிறார்கள். இத்தனை கண்கள் முன்னால் அந்த மூன்றாமவனால் சுட முடியவில்லை.

அப்படியானால் முதல் இரண்டு பேரையும் அதே மாதிரி நிறுத்தியிருக்கலாமே. ஹாலிவுட்டுக்கு இரண்டு பிணம் வேண்டும், மூன்றாவதுக்குப் பிரசங்கம்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சோளக் காட்சி எப்போதும் என்னை உறுத்தும், காரணமும் இருக்கிறது.

ஆமிஷ் சைலன்ட் லைட் (2007) பற்றி?

மெக்சிகோ மெனோனைட். முதல் பத்தியைப் படிக்கவும்.

ஹிந்தியில் விட்னஸ் கதை வந்ததா?

பாப், 2003. பூஜா பட் இயக்கியது. ஆமிஷுக்குப் பதில் ஸ்பிதி பள்ளத்தாக்கு பௌத்தர்கள்.

எந்த ஓடிடியில் கிடைக்கும்?

தேடுங்கள்.

ஆமிஷ் கிரேஸ் படம் நிஜக் கதையா?

சம்பவம் நிஜம். 2006 அக்டோபர் 2, பென்சில்வேனியாவில் நிக்கல் மைன்ஸ் என்ற ஊரின் ஆமிஷ் பள்ளியில் பத்துச் சிறுமிகள் சுடப்பட்டு ஐந்து பேர் இறந்தார்கள், சுட்டவனும் தற்கொலை செய்துகொண்டான். அவன் குடும்பத்தைத் தேடிப் போய் ஆமிஷ் மக்கள் ஆறுதல் சொன்னதும் நிஜம். ஆனால் மன்னிக்க முடியாமல் துடிக்கும் அந்தத் தாய் படத்துக்காக உண்டாக்கிய பாத்திரம். மன்னிப்பு அவ்வளவு சுலபமா என்று பார்ப்பவர் கேட்பாரே, அந்தக் கேள்வியை ஒரு ஆமிஷ் பெண் வாயில் வைத்துவிட்டார்கள்.

சோளக் காட்சி ஏன் உறுத்துகிறது என்று சொல்லாமலே போய்விட்டீர்கள்.

விடமாட்டீர்கள் போல. சரி. பல ஆமிஷ் வீடுகளில் 1660ல் வந்த ஒரு தடிமனான புத்தகம் இருக்கும், விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின் கதைகள். அதில் டிர்க் வில்லெம்ஸ் கதை பிரபலம். 1569ல் ஹாலந்தில் சிறையிலிருந்து தப்பி உறைந்த நீர்மேல் ஓடுகிறார், துரத்திய காவலாளி பனி உடைந்து உள்ளே விழுகிறான். டிர்க் திரும்பிப் போய்க் கையைக் கொடுத்துத் தூக்கிவிடுகிறார். அவரையே பிடித்து எரித்துவிட்டார்கள்.

இப்போது கிடங்கைப் பாருங்கள். துரத்தி வந்தவன் மூழ்குகிறான், துரத்தப்பட்டவர்தான் மேலே நின்று சோளத்தைத் திறந்துவிட்டவர், பின்பு பிணத்தைத் தோண்டி அதன் துப்பாக்கியை எடுக்கிறார். வியர் அந்தப் புத்தகத்தை நினைத்து எடுத்தாரா என்பது என் வாதமில்லை. அந்தப் பண்ணையில் அது தலைகீழாக நடக்கிறது என்பதே என் வாதம். அதனால்தான் மூன்றாமவன் முன்னால் வெறுங்கையோடு நிற்பது தேவைப்படுகிறது. நான் பாளையங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவன், சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்திருப்பதும், கொலையுண்ட பக்தரை இரத்தசாட்சி என்பதும், கோர்ட்டில் கூண்டேறுவதும் எங்களுக்கு ஒரே சொல். இந்தப் படத்தின் தலைப்பைத் தமிழில் படித்துவிட்டு அந்த மணியைக் கேளுங்கள்.

ஆனாலும் அந்த இரண்டு பேர் செத்துத்தானே போனார்கள்?

போனார்கள்.