சித்தப்பாவின் கையில் உங்கள் அட்டை

கேள்வி: எனக்கு 24 வயது. சிங்கப்பூரில் தேசிய சேவையை (கட்டாய ராணுவச் சேவையை)க் கமாண்டோ பட்டாளத்தில் மெடிக்காக, அதாவது மருத்துவ உதவி வீரராக, முடித்தேன். ஓஆர்டி ஆகி, அதாவது சேவை முடிந்து வெளியே வந்து, இரண்டு வருடம். இப்போது டெக்னீஷியன் வேலை. சம்பளம் 3,000 வெள்ளி, மசேநி (மத்திய சேமநிதி) போகக் கைக்கு 2,400. அம்மாவுக்கு 500 கொடுக்கிறேன். பழைய யூனிட்டிலேயே நிரந்தர வீரராக, மெடிக் ஸ்பெஷலிஸ்ட்டாக (சார்ஜென்ட் நிலை), சைன் ஆன் பண்ண, அதாவது ஒப்பந்தத்தில் சேர, யோசிக்கிறேன். ஆறு வருட ஒப்பந்தம், படிகள் சேர்த்துக் கிட்டத்தட்ட 4,000, போனசும் உண்டு என்றார்கள். உட்லண்ட்சில் சாப்பாட்டுக் கடை நடத்தும் சித்தப்பாவுக்காக என் பெயரில் எடுத்த பெர்சனல் லோனில் இன்னும் 13,500 பாக்கி. மாதம் 420 கட்டுகிறேன். கடைச் சாமான் வாங்க என் கடன்பற்று அட்டையின் துணை அட்டையையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். அதில் 9,600 நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். போனஸ் வந்தால் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அது தெரிந்து சித்தப்பா இன்னும் 8,000 கேட்கிறார். கடை மூடினால் குடும்பத்துக்கே அவமானம் என்கிறார் அப்பா. கையெழுத்துப் போடலாமா? – யீஷூன் வாசகர்

பதில்: தம்பி, ஹெண்டன் முகாமில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர் நீங்கள். 72 கிலோமீட்டர் நடந்து சிவப்புத் தொப்பி வாங்கியவருக்கு அந்த வேலை எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உடம்பும் மனமும் ஒத்துழைக்குமா என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலையைப் பற்றி நான்கு வரி, சித்தப்பாவைப் பற்றி அதைவிட அதிகம். கையெழுத்துப் போடலாமா என்ற கேள்விக்குப் பின்னால் இருப்பது கடன்தான். முதலில் அதைப் பிரித்து எடுப்போம்.

துணை அட்டையிலிருந்து தொடங்குகிறேன். பெர்சனல் லோன் உங்களைக் கெடுக்கவில்லை. அது மாதம் 420 வீதம் மூன்று வருடத்தில் தானாக முடியும். கெடுப்பது அந்த அட்டை. பெரும்பாலான அட்டைகளில் ஆண்டு வட்டி 26 முதல் 28 விழுக்காடு. 27 என்று வைத்தால் 9,600க்கு ஒரு மாத வட்டி 216 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு, அதாவது 288. நீங்கள் 288 கட்டுகிறீர்கள், 216 வட்டிக்குப் போகிறது, அசலில் குறைவது 72. அதே மாதத்தில் சித்தப்பா தேக்காவில் இரண்டு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் எடுத்து அட்டையைத் தேய்த்தால் அந்த 72 போய்விடுகிறது, அதற்கு மேலும் ஏறுகிறது. இன்னொன்றும் உண்டு. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாள்கள் பெரும்பாலும் கிடைக்காது. அரிசி வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். கடைக்காரர் அந்த அரிசியில் எடுக்கும் லாபத்தைவிட நீங்கள் கட்டும் வட்டி அதிகமாக இருக்கலாம். இப்படி நடக்கும் கடையை உங்கள் சம்பளம்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதுவும் ரகசியமாக.

துணை அட்டையில் செலவு செய்பவர் வேறு, கட்ட வேண்டியவர் நீங்கள். வங்கி தேடி வருவது உங்களைத்தான்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அந்த 9,600ஐ 36 மாதத் தவணைக் கடனாக மாற்றினால், நிஜ வட்டி 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, மாதம் சுமார் 301 வெள்ளி வரும். இன்று நீங்கள் கட்டுவதைவிட 13 வெள்ளி அதிகம், அவ்வளவுதான். மூன்று வருடத்தில் மொத்த வட்டி 1,230 சொச்சம். இப்போதுள்ள அட்டையில் ஒரே வருடத்தில் 2,590 போகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் வட்டி விகிதத்தை நம்பாதீர்கள். அது அசல் குறையாததுபோல் கணக்கிட்ட விகிதம். பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நிஜ ஆண்டு விகிதம் கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

ஆறு மாதம் வட்டியில்லாமல் பாக்கியை மாற்றித் தருகிறோம் என்று குறுஞ்செய்தி வந்திருக்கும். உங்களுக்கு அது வேண்டாம். முதலிலேயே கட்டணம் எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதத்தில் 9,600ஐ அடைக்க மாதம் 1,600 தேவை, அது உங்களிடம் இல்லை. ஏழாவது மாதம் பழைய வட்டிக்கே திரும்பி வருவீர்கள், இடையில் காலியான அட்டையில் சித்தப்பா புதுப் பாக்கி ஏற்றியிருப்பார்.

கைக்கு வரும் 2,400இல் அம்மாவுக்கு 500, லோனுக்கு 420, மாற்றிய கடனுக்கு 301. மீதி 1,179. சாப்பாடு, எம்ஆர்டி, கைப்பேசி எல்லாம் 750க்குள் முடிந்தால் மாதம் 400 மிச்சம். நெருக்கடிதான், ஆனால் நடக்கும். இன்றைய வேலையிலேயே, ஒரு காசு போனஸ் இல்லாமலேயே, மூன்று வருடத்தில் இரண்டு கடனும் தீரும். மூன்று வருடத்தில் தீரக்கூடிய கடனுக்காக ஆறு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நினைக்கிறீர்கள். நான் வேண்டாம் என்பது இதைத்தான், வேலையை அல்ல.

போனசுக்கு வருவோம். எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. கணக்குக்காக 20,000 என்று வைத்துக்கொள்கிறேன். ஆறு வருடம் என்றால் 72 மாதம். மாதத்துக்கு 278 வெள்ளி. நீங்கள் இன்னும் செய்யாத சேவைக்கு முன்கூட்டிக் கொடுக்கும் பணம் அது. விகிதப்படி திருப்பித் தரும் ஒப்பந்தம் என்றால், இரண்டு வருடத்தில் வெளியே வந்தால் 13,333ஐத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணம் அப்போது எங்கே இருக்கும்? உட்லண்ட்ஸ் கடையின் எண்ணெய்ச் சட்டியில். வருமான வரியும் உண்டு. ஒரே வருடத்தில் முழுப் போனசும் வந்தால், 4,000 சம்பளத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது வரி சுமார் 1,300 வெள்ளி கூடும். அதற்கான கடிதம் அடுத்த வருடம்தான் வரும், பணம் செலவான பிறகு.

சொன்ன 4,000இலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கமாண்டோ என்பதற்காகவும் பாராசூட் குதிப்பதற்காகவும் வரும் படி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முட்டியோ கணுக்காலோ போய் மருத்துவ வாரியம் பெஸ் எனும் உடல்தகுதித் தரத்தை இறக்கினால் உங்களை வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள். அடிப்படைச் சம்பளம் நிற்கும், பிரிவுக்குரிய படி போகும், ஒப்பந்தக் காலம் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஸ்பெஷலிஸ்ட் பயிற்சியிலோ அடுத்த கோர்சிலோ ஓஓசி ஆனாலும் (பாதியில் நீக்கப்பட்டாலும்) இதே கேள்விதான். முதுகுச்சுமையோடு குதிக்கும் ஆளுக்கு இது தூரத்துச் சமாச்சாரம் அல்ல. மெடிக்காக எத்தனை கணுக்காலுக்குக் கட்டுப் போட்டிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே மாதத் தவணைகள், அம்மாவுக்குக் கொடுப்பது எல்லாம் அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். படியை நம்பித் தவணை போடாதீர்கள்.

ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் இன்னும் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். போனஸ் எத்தனை தவணையாக, எந்தக் கட்டம் தாண்டிய பிறகு வரும். உடல்நலக் காரணத்தால் வெளியேறினாலும் திருப்பிக் கட்ட வேண்டுமா, அல்லது நீங்களாக விலகினால் மட்டுமா. மெடிக் பயிற்சியில் கிடைக்கும் சான்றிதழ் வெளியே குடிமைத் தற்காப்புப் படையிலோ தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்திலோ செல்லுமா. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. 30 வயதில் வெளியே வரும்போது கையில் இருக்கப்போகும் சொத்து அதுதான். துப்பாக்கிச் சூட்டுத் திறமைக்கு வெளியே சந்தை சிறியது, துணை மருத்துவத்துக்குப் பெரியது. ஸ்பெஷலிஸ்ட்களுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் உள்ள பிரீமியம் திட்டத்தில் எத்தனை வருடத்தில் எவ்வளவு பங்கு உங்களுடையதாகும் என்ற அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். இடையில் போனால் இழப்பது போனஸ் மட்டுமல்ல என்பது அதைப் பார்த்தால் புரியும்.

சாதகமும் இருக்கிறது, மறைக்கவில்லை. 4,000க்கு மசேநி முழுதாகப் போனால் உங்கள் வயதில் வீடு வாங்கப் பயன்படும் அதன் சாதாரணக் கணக்கில் 23 விழுக்காடு, மாதம் 920. ஆறு வருடத்தில் வட்டி சேர்க்காமலே 66,000 தாண்டும். இன்றைய 3,000இல் 50,000க்குச் சற்றுக் குறைவு. கல்யாணம் முடித்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த 16,000 வித்தியாசம் தெரியும். சித்தப்பாவால் தொட முடியாத பணம் என்பது கூடுதல் நன்மை.

வேறொரு காரணத்துக்காகவும் கடனை முதலில் சரிசெய்யச் சொல்கிறேன். பொதுச் சேவையில் பிணையில்லாக் கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டினால் நிதிச் சிக்கல் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கடன் 23,100. இன்றைய சம்பளத்தில் அது ஏழரை மாதத்துக்கு மேல். புதுச் சம்பளத்தில் கிட்டத்தட்ட ஆறு மாதம். கமாண்டோ யூனிட்டில் பின்னணிச் சோதனை கண்டிப்பாக இருக்கும். கேட்டால் மறைக்காதீர்கள், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். திட்டம் போட்டு அடைத்துவரும் கடன் ஒரு மாதிரி, மாதாமாதம் ஏறும் அட்டைப் பாக்கி வேறு மாதிரி. சித்தப்பா கேட்கும் 8,000ஐயும் சேர்த்தால் 31,100. கட்ட முடியாமல் போன கடன் 15,000ஐ எட்டினாலே திவால் மனு போட முடியும் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். அவமானம் என்று அவர் சொல்லும் சொல் யாருக்குப் பொருந்தும் என்று அப்போது யோசிப்பார்.

அந்த 8,000க்குப் பதில், முடியாது. நீங்கள் மறுத்தால் அவர் உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடம் உங்களை அழைத்துப்போகப் பார்க்கலாம். உங்கள் வருமானத்துக்கு அங்கே ஆறு மாதச் சம்பளம் வரை கிடைக்கும், அதாவது 18,000. வட்டி மாதத்துக்கு 4 விழுக்காடு வரை, வாங்கும்போதே நிர்வாகக் கட்டணம் 10 விழுக்காடு வரை. 8,000க்குக் கையெழுத்துப் போட்டு 7,200ஐ வாங்கி வருவீர்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். ஜாமீன் கையெழுத்தும் கடன்தான்.

சித்தப்பாவிடம் நேரில் பேசுங்கள், அப்பா இருக்கும்போது. வாட்ஸ்அப் வேண்டாம். இப்படிச் சொன்னால் போதும்: "சித்தப்பா, இனி என் பெயரில் புதுக் கடன் இல்லை. அட்டையை இன்றோடு நிறுத்துகிறேன். பழைய பாக்கிக்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி 300 வெள்ளி பேநவ்வில் (கைப்பேசிவழி வங்கிப் பரிமாற்றம்) போட்டுவிடுங்கள்." ஒரு தாளில் 23,100 என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த 300 வரும் என்று நம்பிச் செலவுத் திட்டம் போடாதீர்கள். வந்தால் லோனை முன்கூட்டி அடைக்க ஆகும், அபராதம் எவ்வளவு என்று வங்கியில் கேட்டுக்கொண்டு.

பட்டாளத்துக்காரர்களுக்கென்றே ஒரு முதலீட்டுக் காப்புறுதி இருக்கிறது, மாதம் 300 கட்டினால் போதும் என்று முகவர்கள் வருவார்கள். முதல் சில வருடங்களில் கட்டுவதில் பெரும்பகுதி கட்டணமாகப் போகும். இடையில் நிறுத்தினால் கைக்கு வருவது சொற்பம். கடன் உள்ளவருக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது. தற்காப்பு அமைச்சு, உள்துறை அமைச்சுக் குழுக் காப்புறுதியில் தேசிய சேவையின்போதே இருந்திருப்பீர்கள். விருப்பத் திட்டத்தில் கூடுதல் தொகைக்கு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். வெளியே வாங்கும் விபத்துக் காப்புறுதிகளில் பாராசூட், ராணுவப் பணி இரண்டையும் விலக்கி எழுதியிருப்பது சாதாரணம். விலக்குகள் பக்கத்தைப் படிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வேலை பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். போனஸ் வந்தால் வரிக்கு 1,300ஐத் தனியே வையுங்கள். மீதியைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடுங்கள். குறைந்தது 500 வெள்ளி, எந்த மாதமும் அபராதமில்லாமல் எடுக்கலாம். ஒரு வருடம் முடியும்போது ஆறில் ஒரு பங்கு, 3,333, நிஜமாகவே உங்களுடையது. அதை மட்டும் எடுத்து லோனில் கட்டுங்கள். 8 விழுக்காட்டுக் கடன் இருக்கும்போது அதைவிடக் குறைந்த வட்டியில் பணம் போடுவதா என்று கேட்பீர்கள். அந்த வட்டி வித்தியாசம் நஷ்டம்தான். முட்டி போய் வெளியே வரும் நாளில் திருப்பிக் கட்டப் பணம் இருக்கும், அதற்கான விலை அது.

துணை அட்டையை நிறுத்த அதை அவரிடமிருந்து வாங்கத் தேவையில்லை. முதன்மை அட்டைதாரர் நீங்கள். வங்கியைத் தொலைபேசியில் அழைத்தால் முடக்கிவிடுவார்கள். அழைக்கும் முன் கடந்த மூன்று மாத அறிக்கைகளை எடுத்து, சித்தப்பாவின் கைப்பேசிக் கட்டணமோ கடையின் வேறு ஏதாவதோ தானாகக் கழிகிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அட்டையை முடக்கிய பிறகும் அப்படிப்பட்ட கழிவுகள் சில சமயம் வந்துகொண்டிருக்கும். அந்தந்த நிறுவனத்திடம் தனியாகச் சொல்லி நிறுத்த வேண்டும்.