அடிபடாமலே வெடித்த கல்லீரல்

கேள்வி: ஹெபடைட்டிஸ் பி தொற்றால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) வந்திருந்த என் மாமாவுக்கு ஓர் இரவு மேல்வயிறும் வலது தோளும் திடீரென்று கடுமையாக வலித்தன. வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடியற்காலையில் மயங்கி விழுந்தார். கல்லீரலில் இருந்த கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியதாக வேறொரு மருத்துவமனையில் கூறி, அறுவைசிகிச்சை செய்யாமல் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் காப்பாற்றினார்கள். எங்குமே அடிபடாத கல்லீரல் வெடிக்குமா? வயிற்றைத் திறக்காதது சரிதானா?

பதில்: வெடிக்கும். கல்லீரலின் மேற்பரப்பை ஒட்டி வளரும் புற்றுநோய்க் கட்டிதான் பெரும்பாலும் இப்படிக் கிழிகிறது. அரிதாக, கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றிய பெண்களுக்கும் நேர்வதுண்டு.

உங்கள் மாமாவின் தோள்வலிதான் முதல் துப்பு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு அடியில் ரத்தம் தேங்கி உறுத்தும்போது, அதன் நரம்பும் தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், வலி தோளில் தெரிகிறது. சிரோசிஸ் உள்ளவருக்குத் திடீர் வயிற்றுவலி வந்தால் ஸ்கேன் பார்க்காமல் வாயு என்று அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாரடைப்பு என்று தவறாகக் கணித்து ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பது இன்னும் ஆபத்து. ரத்தப்போக்கின் தொடக்கத்தில் ஹீமோகுளோபின் குறையாமலும் இருக்கலாம் என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்ட், கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே தேங்கிய திரவத்தைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். அது சிரோசிஸால் சேர்ந்த நீரா, ரத்தமா என்பதை ஊசியால் சிறிது உறிஞ்சிப் பார்த்தால் தெரியும். நோயாளி சற்று நிலைப்பட்டதும் சாயம் செலுத்திச் செய்யும் சி.டி. ஸ்கேன், கசியும் இடத்தைக் காட்டும்.

ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றிக்கொண்டே கசிவை அடைப்பதுதான் சிகிச்சை. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும் மீதி தமனி வழியாகவும் வருகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனியை நம்பியே வாழ்கிறது. எனவே குழாய் மூலம் அந்தத் தமனிக் கிளையை அடைத்தால் கசிவு நிற்கும், மற்ற பகுதி பிழைத்துக்கொள்ளும். ரத்தம் இழந்து ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலையில், ரத்தம் சரியாக உறையாத ஒருவரின் சுருங்கிய கல்லீரலை வெட்டுவது அதைவிடப் பேராபத்து. குழாய் வசதி இல்லாதபோதோ கசிவு நிற்காதபோதோதான் வயிற்றைத் திறப்பார்கள். அப்போதும் கட்டியை விட்டுவிட்டு, துணிப்பட்டைகளை அழுத்தி வைத்து ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாலும் நோக்கமாக இருக்கும். ஆனால் போர்ட்டல் சிரை அடைபட்டவருக்கும் காமாலை முற்றியவருக்கும் தமனியை அடைத்தால் கல்லீரலே செயலிழக்கலாம். உங்கள் மாமாவுக்கு அதையும் சீர்தூக்கியே முடிவெடுத்திருப்பார்கள்.

கட்டியை அகற்றலாமா என்பதை, அவர் தேறிய சில வாரங்களுக்குப் பிறகு, கல்லீரலின் திறனையும் நோய் பரவியுள்ளதா என்பதையும் பார்த்துத் தீர்மானிப்பார்கள். அதற்கிடையில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.